நல்ல தப்பு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இமெல்டா மேடத்தைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில், வெளிநாட்டு வேலைக்குப் போக விரும்பும் நர்சுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வகுப்பு எடுப்பதும் வார்த்தைப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் எழுதுவதும் அவருடைய வேலை. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வருஷக்கணக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியே கிடந்தது.

சீடர் வைத்திலிங்கத்துக்கு ஐம்பதுக்கு மேல். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர். கம்பெனி ஒரு நாள் போதும் என்று சொல்லிவிட்டது. இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால் கேள்வித்தாள் எழுத இங்கே வந்து சேர்ந்தார். தன்னைவிடச் சின்னவரை மேடம் என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. டாக்டர்களின் மேஜை முன்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். யார் என்ன சொன்னாலும் முதலில் தலையாட்டுவார், அப்புறம்தான் யோசிப்பார்.

வார்த்தைப் பரீட்சை என்பது எளிமையான ஏற்பாடு. மேலே ஓர் இங்கிலீஷ் வார்த்தை. கீழே தமிழில் நான்கு அர்த்தங்கள். ஒன்று சரி, மற்ற மூன்றும் தப்பு. இதில் தேறுகிறவர்களின் பெயர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போகும். தேறாதவர்கள் அடுத்த பட்டியல் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

வைத்திலிங்கம் எழுதிய முதல் தாளில் எல்லாரும் தேறிவிட்டார்கள். வகுப்புக்கே வராத ஒரு பெண்கூடத் தேறிவிட்டாள். இமெல்டா அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்.

"ஆம்பிவேலன்ட்னா என்ன சார்?"

"ஒரே விஷயத்துல மனசு ரெண்டு பக்கமும் இழுக்கறது மேடம்."

"சரி. மத்த மூணும் என்ன போட்டிருக்கீங்க?"

வைத்திலிங்கம் படித்தார். "ஒரு வகைப் பறவை. இரவில் பூக்கும் செடி. நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனம்."

"நர்சுங்ககிட்ட போயி ஆம்புலன்ஸை நிறுத்தறீங்களே சார்."

சொன்னாரே தவிர அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு மூன்று வகுப்பு எடுத்திருந்தார். சிரிக்கிற தெம்பு காலையிலேயே தீர்ந்துவிட்டது.

"சரியான விடையை டிக்‌ஷனரியில பாத்து எழுதிடறேன் மேடம்," என்றார் வைத்திலிங்கம். "தப்பான விடையை எங்க போயி பாக்கறது?"

நியாயமான கேள்விதான். தப்பு விடைக்கென்று யாரும் அகராதி போட்டு வைக்கவில்லை.

இமெல்டா பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஒரு மடக்குக் குடித்தார். "கிளாஸ்ல போயி உக்காருங்க. வார்த்தையை மட்டும் சொல்லி அர்த்தம் கேளுங்க. நாலு ஆப்ஷன் குடுக்காதீங்க. அவங்களா சொல்லட்டும்."

"தப்பாத்தானே மேடம் சொல்லுவாங்க?"

"அதைக் கேக்கத்தான் போகச் சொல்றேன். ஒருத்தர் நிஜமாவே நம்பற தப்புதான் சார் நல்ல தப்பு."

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். சீடருக்குச் சொல்ல வேண்டியதில் பாதிதான் சொன்னோம் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து வைத்திலிங்கம் காலை வகுப்பில் போய் உட்கார்ந்தார். அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நைட் டியூட்டி முடித்து, பல்கூட விளக்காமல் நேராக வருகிறவர்கள். ஒருத்தி பேனாவைப் பிடித்தபடியே தூங்குவாள். பக்கத்தில் இருப்பவர் அவளை எழுப்ப மாட்டார். தன் தூக்கமே தனக்குப் பெரும் பாரமாக இருக்கும்போது அடுத்தவர் தூக்கத்தில் யார் போய்க் கை வைப்பது?

அவர்களில் பூங்கோதையும் ஒருவர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக ராத்திரி வார்டைப் பார்க்கிறவர். கணவர் இல்லை. மகள் பத்தாவது படிக்கிறாள், வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. அடுத்த தையில் பூங்கோதைக்கு நாற்பது முடிகிறது. நாற்பது முடிந்தவர்களை ஏஜென்சி எடுக்காது. அவருக்கு இதுதான் கடைசிப் பட்டியல். இதில் பெயர் வராவிட்டால் அவர் வெளிநாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

வைத்திலிங்கம் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பாதிப் பேர் பேசவில்லை. பேசியவர்கள் "தெரியல சார்" என்றார்கள். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது? அவருக்கு அலுப்புத் தட்டியது. நான்கு நாள் உட்கார்ந்தும் உருப்படியாக ஒரு தப்பு கிடைக்கவில்லை.

"ஆம்பிவேலன்ட்," என்றார். "யாராவது சொல்லுங்க."

பூங்கோதை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "வந்தா வா, போனா போன்னு இருக்கறது சார்."

வைத்திலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்பேர்ப்பட்ட தப்பு! வருவதும் இருக்கிறது, போவதும் இருக்கிறது, இரண்டு பக்கமும் பேசுகிற மாதிரியே இருக்கிறது. ஆனால் மனசு இரண்டு பக்கமும் இழுபடுகிறவர் எங்கே, எந்தப் பக்கமும் இழுபடாதவர் எங்கே. அர்த்தத்தைப் பாதி தெரிந்து வைத்திருப்பவர் யாரும் இதில் போய் விழாமல் இருக்க முடியாது. உட்கார்ந்து யோசித்து எழுதினால் இப்படி ஒன்று வராது.

"அருமைம்மா," என்று தலையாட்டினார். "அருமை."

பூங்கோதையின் முகம் தெளிந்தது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வைத்திலிங்கம் அந்தத் தப்பைக் குறித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போனார்.

புதிய தாளை இமெல்டா படித்துப் பார்த்தபோது அந்த வரியில் கொஞ்சம் நின்றார்.

"இது யார் சொன்னது?"

"ஒரு ஸ்டூடன்ட் மேடம்."

"நல்லா இருக்கு," என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை அன்றைக்கு மிகவும் மோசமாக இருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பரீட்சை நடந்தது. பாதிப் பேர் தேறவில்லை. அந்த இடத்தை நடத்தும் முதலாளி வந்து, இப்போதுதான் பரீட்சை பரீட்சை மாதிரி இருக்கிறது என்று வைத்திலிங்கத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வைத்திலிங்கம் அன்றைக்கு டீயோடு ஒரு பஜ்ஜியும் வாங்கிச் சாப்பிட்டார்.

மதியம் இரண்டு மணி வாக்கில் பூங்கோதை மாடிப்படி ஏறி வந்தார். ராத்திரி டியூட்டிக்கு முன்னால் தூங்க வேண்டிய நேரம் அது. கையில் திருத்திய தாள் இருந்தது. ஒரே ஒரு மார்க்கில் போயிருந்தது.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கம்மா."

அவர் தாளை மேஜையில் விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இது நான் சொன்னதுதானே சார்?"

'வந்தால் வா, போனால் போ என்று இருப்பது.' அதன் பக்கத்தில் டிக் அடித்திருந்தது. அந்த டிக்கின்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"ஆமாம்மா."

"நீங்க அருமைன்னீங்களே சார்."

குரலில் கோபம் இல்லை. தன் ஞாபகம் சரிதானா என்று பார்க்கிற மாதிரிதான் கேட்டார்.

வைத்திலிங்கம் அந்தப் பெருக்கல் குறியையே பார்த்தார்.

"வீட்டுக்குப் போயி மககிட்டகூடச் சொன்னேன். ஒரு கஷ்டமான வார்த்தைக்கு நான் அர்த்தம் சொன்னேன், சார் அருமைன்னாருன்னு. பரீட்சையில அதையே பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மத்த மூணையும் நான் படிக்கவே இல்ல சார்."

வைத்திலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை. பெரிய பெரிய டாக்டர்கள் திட்டி வெளியே அனுப்பியபோதுகூட அவர் இப்படிக் கூசிப் போனதில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மேஜையில் தாள் கட்டிக்கொண்டிருந்த இமெல்டா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார். போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு கேள்வியை எடுத்துடணும். எங்க பக்கத் தப்பு. ஒரு பேர் சேரும்... ஆமா, ஒரே பேருதான்... பட்டியல் போயிடுச்சா? காலையிலேயேவா?"

பிறகு ஏஜென்சிக்கே பேசினார். அடைத்த தொண்டையோடு இரண்டு பேரிடம் முதலிலிருந்து விளக்கினார். மூன்றாவது ஆள் பட்டியலை மூடியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இமெல்டா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"உக்காருங்க பூங்கோதை."

பூங்கோதை உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கண்கள் தாமாக மூடித் திறந்தன.

"இது நாங்க ரெண்டு பேரும் செஞ்சது," என்றார் இமெல்டா. "சாரை நான்தான் கேக்கச் சொல்லி அனுப்பினேன். கேட்டப்புறம் என்ன செய்யணும்னு சொல்லி அனுப்பலை. இப்ப சரி பண்ணப் பாத்தேன், முடியலை."

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் மேடம்."

மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கீழே கடையில் அண்டா கழுவும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. பேர் வந்திருந்தா கிளம்பியிருப்பீங்களா?"

பூங்கோதை இமெல்டாவை நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரிடம் இதுவரை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"போகணும்தான் மேடம். மகளைப் படிக்க வைக்க எனக்கு வேற வழி தெரியல. ஆனா எங்க மாமியாருக்கு நான் ஊட்டினாத்தான் சோறு இறங்கும். வேற யார் குடுத்தாலும் துப்பிடுவாங்க. ஃப்ளைட்டுல ஏர்றதா நினைச்சா அவங்க வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கறது தெரியுது. சரி, போக வேணாம்னு நினைச்சா மக முகம் தெரியுது. வார்டுல ட்ரிப்ஸ் மாத்தும்போதும் இதேதான். ரெண்டும் போட்டு இழுக்குது மேடம்."

"அதுதான் ஆம்பிவேலன்ட்."

பூங்கோதை தாளைத் தன் பக்கம் திருப்பினார். தான் படிக்காமல் விட்ட மூன்று வரிகளையும் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான்."

"இனிமே மறக்காது," என்றார் பூங்கோதை. தாளை மடித்துப் பைக்குள், டியூட்டி கோட்டுக்கு அடியில் வைத்தார். "ஆறு மணிக்கு டியூட்டி மேடம். கொஞ்ச நேரம் தூங்கப் பாக்கறேன். வரேன் சார்."

வைத்திலிங்கம் எழுந்து நின்றார். பூங்கோதை படியிறங்கிப் போகும் சத்தம் நிற்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

இமெல்டா மறுபடி நூலை எடுத்துத் தாள் கட்டத் தொடங்கினார். வைத்திலிங்கம் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக் கொடுத்தார்.

"தலையாட்டறது எனக்குப் பழக்கம் மேடம். அதனாலதான்னு சொல்லலாம்னு பாக்கறேன்."

"சொல்லுங்க."

"ஆனா அது இல்ல. தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்னு தெரியும் சார்."

"ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? இப்ப நீங்க சொன்ன மாதிரி சொல்லியிருந்தா?"

இமெல்டா முடிச்சுப் போட்டார்.

"வாய் வரைக்கும் வந்துடுச்சு மேடம். அங்கேயே திருத்திட்டா அந்தத் தப்பு என்னை விட்டுப் போயிடுமேன்னு இருந்துச்சு. அவ்வளவு நல்ல தப்பு."

இமெல்டா கட்டிய தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, நாள் முழுக்கப் பேசித் தேய்ந்த குரலில் சொன்னார்.

"போயிருக்கும் சார். அவங்களை விட்டும் போயிருக்கும்."