முதலில் ஒரு சொல்

அந்தக் காலத்தில் கணினிகளுக்கும் வாய் இருந்தது. ஆனால் வாயைத் திறப்பதென்றால் அவற்றுக்கு மகா கௌரவக் குறைச்சல். மனிதர்கள் கேள்வியை அட்டைகளில் துளையிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே காத்துக் கிடப்பார்கள். முழு விடையும் தயாராகும் வரை கணினி மூச்சு விடாது. அரைகுறையாகப் பேசக் கூடாது என்பது அவற்றின் குலவழக்கம்.

அதை முதலில் அசைத்துப் பார்த்தவள் அற்புதமேரி. கடலோரத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படித்து, மலைமேல் வானிலை பார்க்கும் கணினிக்குப் பொறியாளராகப் போனவள். அட்டைகளை ஓரங்கட்டிவிட்டு, திரையும் தட்டச்சுப் பலகையும் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அதனிடம் நேருக்கு நேர் பேச உட்கார்ந்தாள். முதலில் முறைத்துக்கொண்ட மலைக்கணினி, போகப் போகப் பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லப் பழகியது. அதோடு விட்டாளா? துறைமுகம் வரை கம்பி இழுத்து அங்கிருந்த கணினியையும் இதோடு சேர்த்துவிட்டாள்.

துறைமுகக் கணினி பழைய ரகம். புயல் சேதி வந்தால் வேகத்தையும் திசையையும் கணக்குப் போட்டு, எந்த எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்ற வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. கூண்டு ஏறிவிட்டால் எந்தப் படகும் கடலுக்குப் போகாது.

ஐப்பசியில் ஒருநாள் பிற்பகல், புயல் கரைப்பக்கம் திரும்பிவிட்டது என்று மலைக்கணினி சொன்னது. அற்புதமேரி உடனே துறைமுகத்துக்குச் சேதி அனுப்பினாள். அவள் அண்ணன் கஸ்பார் அன்று மாலை கடலுக்குப் போவதாக இருந்தான். மலையிலிருந்து இறங்கிப் போய்ச் சொல்ல நேரமில்லை; கம்பியை விட்டால் வேறு வழியும் இல்லை. பதில் வரவில்லை. சேதி வழியில் தொலைந்துவிட்டதோ என்று நினைத்தாள். மறுபடி அனுப்பினாள். அப்போதும் பதில் இல்லை. கொஞ்சம் பொறு என்று மலைக்கணினி சொல்லிப் பார்த்தது. அவள் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

முதல் சேதியே போய்ச் சேர்ந்திருந்தது. துறைமுகக் கணினி கணக்கிலும் இறங்கியிருந்தது. ஆனால் சேதி மறுபடி வந்ததும், ஏதோ புதுப் புயல் என்று நினைத்து, பாதிக் கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கை ஓய்ந்து அவள் நிறுத்திய பிறகே கணக்கு முடிந்தது. கூண்டு ஏறியபோது கஸ்பாரின் படகு கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. அது திரும்பி வரவே இல்லை.

மழை விட்டதும் அற்புதமேரி துறைமுகத்துக்கு வந்து அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாள். நடந்ததை அது ஒளிக்காமல் சொன்னது.

"முடிக்காத வேலையப் பத்தி வாய் திறக்கக் கூடாதுன்னு இருந்துட்டேம்மா" என்றது.

"கெடச்சிருச்சுன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா நான் கைய எடுத்திருப்பேனே" என்றாள். அண்ணன் போன சேதி வந்தபோதுகூட அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

கணினியால் அதைத் தாங்க முடியவில்லை. குலவழக்கத்தை விட்டுவிடுகிறேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தது. பின்னால் அந்தக் கம்பியில் வந்து சேர்ந்த ஒவ்வொரு கணினியிடமும் அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டது.

அன்று முதல்தான், சேதி வந்ததும் கணினிகள் வேலையைத் தொடங்கும் முன்பே "கிடைத்தது" என்று அனுப்பியவருக்குச் சொல்லிவிடுகின்றன. அந்தச் சொல் வந்து சேரும் வரை, அனுப்பியவரும் ஓய்வதில்லை.