அருவி ஓடிய நேரம்

மலைமேல் ஒரு தொலைக்காட்சி நிலையம் இருந்தது. மேகங்கள் அங்கே யாரிடமும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. காலையில் சன்னல் வழியாக உள்ளே வரும், கட்டுப்பாட்டு அறையில் கொஞ்ச நேரம் நிற்கும், திரைகளின் வெளிச்சத்தில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும், பிறகு கதவு வழியாகப் போய்விடும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள்தான் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவார்கள்.

அந்த அறையின் பொறுப்பு ஜெபசெல்வியிடம் இருந்தது. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவன் அழகேசன். குருவைவிடச் சீடனுக்கு வயது கூட. ஞானக் கதைகளில் இப்படி வருவதில்லை என்று யாராவது குறை சொல்லலாம். நடந்தது அப்படித்தான்.

அழகேசன் கணினி படித்தவன். ஒளிபரப்பு முழுவதையும் மென்பொருளிடம் ஒப்படைத்தது அவன்தான். எந்த நிகழ்ச்சிக்குப் பின் எந்த விளம்பரம், எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது, எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று எல்லாமே அதற்குத் தெரியும். சத்தம் சில விநாடிகள் நின்றுபோனால் பழுது என்று முடிவு செய்து, தானாகவே ஓர் அருவிப் படத்தைப் போட்டுவிடும். நான் இல்லாவிட்டாலும் நிலையம் ஓடும் என்று அழகேசன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். சம்பளம் வாங்குகிறவன் வாயால் சொல்லக் கூடாத பேச்சு அது, ஆனால் அவனுக்கு அது உறைக்கவில்லை.

ஜெபசெல்வி அந்த மென்பொருளைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. அவன் டீ குடிக்கப் போனால் மட்டும் தன் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். அன்று அவர் நிலைய இயக்குநரைப் பார்க்கப் போயிருந்தார். அழகேசன் டீ குடிக்கப் போயிருந்தான்.

அந்த நிலையத்தில் காலையில் ஒரு நேரலை உண்டு. பிரிந்து போனவர்களிடம் பேச நினைக்கிறவர்கள் வந்து பேசலாம். அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வந்தவரைக் கேமராவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நிகழ்ச்சி நடத்தும் பெண் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார். பேசி முடித்துத் தானாக எழுந்து வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

அன்று முதல் பஸ்ஸில் ராமசுப்பு என்பவர் மலையேறி வந்திருந்தார். அவர் மகள் வேணி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டவள். பிறகு கைக்குழந்தையோடு அப்பா வீட்டு வாசலுக்கு வந்தாள். அவர் கதவைத் திறந்தார், பார்த்தார், சாத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் எத்தனை முறை கூப்பிட்டாலும் அவள் போனை எடுக்கவில்லை. இப்போது கணவனோடு வடக்கே குடிபோகிறாள், மத்தியானம் ரயில். தொலைக்காட்சி நிலையத்திலிருந்து கூப்பிட்டுப் பேசியபோது, அப்பா டிவியில் பேசினால் பார்க்கிறேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டாள்.

ராமசுப்பு பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது.

அழகேசன் டீ குடித்துவிட்டு வந்தபோது திரையில் அருவி விழுந்துகொண்டிருந்தது. அழகான அருவி. பாறையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரும் அறைக்குள் நின்ற மேகமும் ஒன்றாகிவிட்டதுபோல் அவனுக்கு ஒரு மயக்கம் வந்தது. அதைப் பார்த்தபடியே நின்றான். அருவியின் கீழே சிவப்பில் எழுதியிருந்தது, சத்தம் இல்லை, பழுது என்று. அவன் அதைப் பிறகுதான் கவனித்தான்.

அதற்குள் நிகழ்ச்சி நடத்தும் பெண் போனோடு உள்ளே வந்தார். வேணியிடமிருந்து செய்தி வந்திருந்தது. அருவியைப் பார்த்தேன், போதும், கிளம்புகிறோம் என்று இருந்தது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பின்னாலேயே ஜெபசெல்வியும் வந்துவிட்டார். அழகேசனுக்கு முகம் செத்துப்போயிற்று. ஒலிவாங்கி நன்றாகத்தான் இருந்தது, மென்பொருளும் சொன்னபடிதான் செய்தது, அந்த ஆள் வாயே திறக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னான். பிறகு கேட்டான்.

“மேடம், எத்தனை விநாடி பொறுக்கச் சொல்லி அதுக்கு எழுதட்டும்?”

அவர் தன் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார்.

“இருபது? முப்பது?”

“முதல்ல போய் அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க,” என்றார் ஜெபசெல்வி.

ராமசுப்பு வெளியே வராந்தாவில் நின்றிருந்தார். மேகம் அவரைக் கழுத்து வரை மூடியிருந்தது. முகம் மட்டும் வெளியே தெரிந்தது. பாரத்தை இறக்கி வைத்தவரின் முகம் அது. அவனைப் பார்த்ததும் அவரே பேசினார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டேன் தம்பி. எம்மக கேட்டிருப்பாளா?”

நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்த அழகேசன் அதை விழுங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னான். மென்பொருளைப் பழுது என்று முடிவு செய்ய வைத்தது தான்தான் என்பதையும் சொன்னான்.

“அப்ப அவ பாத்தது அருவியவா?”

“ஆமாங்கய்யா.”

ராமசுப்பு கொஞ்ச நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளையாக இருந்தது. “அவளுக்குச் சின்னதுல இருந்தே அருவின்னா உசுரு,” என்றார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு தடவை தன்னால் முடியாது என்றும், அதுதான் தன்னிடம் இருந்த முழுசும் என்றும் துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

அழகேசன் உள்ளே ஓடினான். கேமரா பதிவு செய்தது சர்வரில் இருந்தது. மென்பொருள் அதைப் பழுது என்ற பெயரில் ஒதுக்கி, அழிக்க வேண்டியவற்றோடு சேர்த்து வைத்திருந்தது. அவன் அதை வெளியே எடுத்தான். ஆனால் ஒளிபரப்பினால் மென்பொருள் மறுபடியும் அருவியைத்தான் போடும். ஒரு யோசனை வந்தது. அடியில் மெல்லிசாகப் புல்லாங்குழலைச் சேர்த்துவிட்டால் சத்தம் இருக்கிறது என்று அது சும்மா இருந்துவிடும், கேட்கிறவர்களுக்கும் இதமாக இருக்கும் என்றான். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். அந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

“அவர் புல்லாங்குழல் வாசிச்சாரா?” என்று ஜெபசெல்வி கேட்டார்.

“இல்ல மேடம்.”

“அப்ப?”

“மென்பொருளை நிறுத்தணும். யாராவது கையில எடுத்துக்கணும்.”

அவர் தன் நாற்காலியைத் தள்ளி, அவன் முன்னால் போட்டார்.

சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயம் பொன்னிறமாவதற்கு முன்பே அதை நிறுத்தினார்கள். டிவியை அணைக்க வேண்டாம் என்று நிகழ்ச்சிப் பெண் வேணிக்குச் செய்தி அனுப்பினார். அவள் அதைப் பார்த்தாளா, டிவியைக் கழற்றிப் பெட்டியில் கட்டிவிட்டாளா, யாருக்கும் தெரியாது. ராமசுப்பு உள்ளே வந்து சுவரோரம் நின்றார். திரையைப் பார்க்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அழகேசன் பதிவை ஓடவிட்டான்.

திரையில் பெஞ்சும் அதில் ராமசுப்புவும். அவர் கேமராவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் விடணும் மேடம்?”

“அவர் எழுந்திருக்கிற வரைக்கும்.”

நிறுத்தி வைத்த மென்பொருள் சிவப்பு எழுத்தை மட்டும் காட்டியது. சத்தம் இல்லை. சத்தம் இல்லை. நிலையத் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன, உங்கள் டிவியில் சத்தம் வரவில்லை என்று ஊரெல்லாம் கூப்பிட்டது. அழகேசனின் கை தானாக நிறுத்தும் பொத்தானிடம் போனது. ஜெபசெல்வி தடுக்கவில்லை. அவனே இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

முன்பு அருவி வந்த இடத்தைப் பதிவு தாண்டியது. அதற்குப் பின்னால் இருப்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. திரையில் ராமசுப்புவின் தொண்டை ஏறி இறங்கியது. கண் நிறைந்து வழிந்தது, அவர் துடைக்கவில்லை. மேகம் திரைகளைச் சுற்றி நின்றதால் அறை கரைந்துபோய், அந்த மனிதரின் முகம் மட்டும் மிதப்பதாகத் தெரிந்தது. நேரம் நகர்கிறதா என்றே அழகேசனுக்குத் தெரியவில்லை. தன் அப்பாவின் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டான், அழுகை வந்தது.

பிறகு திரையில் இருந்தவர் அசைந்தார். பெஞ்சின் நடுவிலிருந்து நகர்ந்து ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் காலியான இடத்தைத் துண்டால் தட்டித் துடைத்தார். ஒரு பெரிய ஆளும் ஒரு குழந்தையும் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. கேமராவைப் பார்த்து, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி, அப்படியே இருந்தார்.

வெகுநேரம் கழித்து எழுந்து போனார். பெஞ்ச் மட்டும் இருந்தது.

அழகேசன் பதிவை நிறுத்தினான். தொலைபேசிகள் ஓய்ந்திருந்தன. திரையில் வெங்காயம் மறுபடி வதங்கத் தொடங்கியது.

நிகழ்ச்சிப் பெண்ணின் கையில் இருந்த போன் அடித்தது. வேணியின் பெயரைப் பார்த்ததும் அவர் அதைக் கொண்டுபோய் ராமசுப்புவிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தார்.

அலோ என்றுகூட அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கமிருந்தும் ஒரு குரலும் வந்ததாகத் தெரியவில்லை. அவர் உதடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அழகேசன் பொறுத்துப் பார்த்தான். மலையில் சிக்னல் போவதும் வருவதும் சகஜம். அவனுக்கு நிலைகொள்ளவில்லை. குருவின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்.

“லைன் கட்டாயிருச்சா மேடம்?”

ஜெபசெல்வி எழுந்து, அவனையும் எழுப்பி, கதவுப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

“இல்ல அழகேசன், பேசிக்கிட்டு இருக்காங்க.”