ஜன்னலில் கூப்பிட்ட பெயர்

"மாத்திரை இலவசம். ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. பிறகு ஏம்மா நிறுத்துதாங்க?"

கேட்டவர் பலவேசம். வயது ஐம்பத்தொன்பது. சுகாதார ஆய்வாளராக முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து மையத்துக்கு உதவி செய்ய வந்து சேர்ந்தார்.

கேட்கப்பட்டவள் செங்கமலம். வயது முப்பத்து மூன்று. பதினோரு வருஷமாக அதே மாத்திரையை விழுங்குகிறவள். அவள் பெற்ற பிள்ளைக்கு நோய் இல்லை. மையத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது அவள்தான்.

மகள் வயசுக்காரியிடம் பாடம் கேட்கப் பலவேசத்துக்கு வெட்கம் கிடையாது. அந்த மட்டில் நல்ல மனுஷன். ஆனால் கேள்வியைப் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

அடுக்கிக்கொண்டே போனார். விடாமல் சாப்பிட்டால் கிருமி சோதனையில்கூட அகப்படாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் பரவுவதில்லை. உலகம் பூராவும் மருந்து போகிறது. இத்தனைக்குப் பிறகும் இந்த நோய் ஏன் மூட்டை கட்டவில்லை?

உலகம் கிடக்கட்டும், நம்ம முத்துச்செல்வி ஏன் மாத்திரை வாங்க வரவில்லை? ரெண்டு மாசமாச்சு. கையில் ரெண்டு சின்னப் பிள்ளைகள். மாத்திரை நின்றால் கிருமி தலைதூக்கும். பிறகு இந்த மருந்துக்கு மசியாமலும் போகலாம். அவள் செத்துப்போவாளே என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

செங்கமலம் நம்பர் அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "தெரியலையே அண்ணாச்சி," என்றாள்.

செவ்வாய்க்கிழமை அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னாள். வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். கூப்பிட்டால் எழுந்து ஜன்னலுக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிய வித்தை என்று பலவேசம் வந்து உட்கார்ந்தார்.

எதிர் அறையில் தோள்பட்டை வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஆவுடையப்பன். பலவேசத்தின் சம்மந்தி, மகளின் மாமனார். அவர் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் மூன்று ஊருக்குப் போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஜன்னலிலிருந்து செங்கமலத்தின் குரல் கணீரென்று வந்தது.

"பலவேசம்! தகப்பனார் சுடலைமுத்து! ஊர் மேலப்பனங்குளம்!"

பலவேசம் எழவில்லை. பக்கத்து ஆளின் பேப்பரை வாங்கி முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

ரெண்டாம் தடவை கூப்பிட்டாள். பேப்பர் இன்னும் உயர்ந்தது.

மூன்றாம் தடவைக்கு மனுஷன் எழுந்தார். ஜன்னலுக்குப் போகவில்லை. பின்வாசல் வழியாக விடுவிடுவென்று டீக்கடைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் நோயே கிடையாதே, பிறகு நான் ஏன் ஓடி வந்தேன் என்று அவருக்கே அதிசயமாக இருந்தது. டீ ஆறிப்போனது.

கூட்டம் வடிந்ததும் திரும்பி வந்து கோபித்துக்கொண்டார். பேரையும் ஊரையும் சொல்லியா கூப்பிடுவது? நம்பர் சொல்லித்தானே கூப்பிட வேண்டும், அதுதானே இங்கே வழக்கம் என்று கேட்டார்.

"வழக்கம் அதான் அண்ணாச்சி. வழக்கம் தெரியாத ஆளு ஜன்னல்ல உக்காந்தா?"

பலவேசத்துக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

அவர் இந்த மையத்துக்கு வந்த முதல் வாரம். செங்கமலம் லீவு. நம்பர் அட்டைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக விடிகாலையில் துப்புரவுப் பணியாளர்களை வரிசையில் நிறுத்தி, பேர், தகப்பனார் பேர், ஊர் என்று சொல்லிக் கூப்பிட்ட வாய். அன்றைக்கும் நோட்டைப் பிரித்து அப்படித்தான் கூப்பிட்டார். முத்துச்செல்வி என்று மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் எழவில்லை. எரிச்சலோடு 'வரவில்லை' என்று நோட்டில் எழுதியதும் அவரேதான்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் வந்த நீரை அவர் மறைக்கவில்லை.

இப்போதே முத்துச்செல்வி வீட்டுக்குப் போய்க் காலில் விழுகிறேன் என்றார். நீங்கள் யாரென்று அவள் மாமியார் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று செங்கமலம் கேட்டாள்.

பிறகு அவளே ஒன்று சொன்னாள். முத்துச்செல்வி வராமல் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரி கேட்டுவரைக்கும் வருகிறாள். அங்கேயே நின்று பெஞ்சைப் பார்க்கிறாள். போய்விடுகிறாள்.

"அவ திரும்ப அந்தப் பெஞ்சில உக்காருவாளாம்மா?"

"நீங்க உக்காருவீங்களா அண்ணாச்சி?"

அடுத்த செவ்வாய்க்கிழமை பலவேசம் எல்லாருக்கும் முன்னால் வந்து நம்பர் அட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு ஆவுடையப்பன் வந்தார். பார்த்தார். அருகே வந்து, பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சம்மந்தி, இது அந்த நோய்க்காரங்க பெஞ்சுல்லா. எந்திரிச்சு வாங்க," என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரி கேட்டுப் பக்கம் ஒரு பெண் சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலவேசத்தின் மனசில் மகளின் முகம் வந்து போனது.

கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.

"என் நம்பரை இன்னும் கூப்பிடலையே சம்மந்தி," என்றார்.