எருமை தின்ற மாலை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் அமலோற்பவம் சிஸ்டர். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். அப்போது என் இரண்டாவது பையன் பிறந்து மூன்று நாள். ஐப்பசி மழையில் பிரசவ வார்டுக்குள் தண்ணீர் வந்துவிட, எங்களை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டார். காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. மாடி அறையில் இருந்த தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றை எடுத்துக் குழந்தையைச் சுற்றினார்.

"வெள்ளத்துல நோயாளிகளைத் தூக்கினதுக்கு வருஷா வருஷம் போடுறாங்கம்மா. மூணு சேர்ந்துபோச்சு" என்று சிரித்தார்.

மழை விடும்வரை, பயந்துபோய் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவர் சொன்ன கதை இது. முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அந்த மழைச் சத்தமும் பினாயில் வாசனையும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஒரு காட்டில் ஒரு குளம். குளத்தங்கரைப் பள்ளத்தில் மிருகங்களின் வைத்தியசாலை. மூலிகை தெரிந்த கீரிதான் அங்கே வைத்தியர்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த இரை தேடினாலும் அதில் ஒரு வாய் பொதுவுக்கு. ஆலமரப் பொந்தில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். பொது வேலை செய்கிறவர்களுக்கு அதிலிருந்து சாப்பாடு. என்ன வேலை என்பதைக் காட்டுச் சபை முடிவு செய்யும். சபைத் தலைவர் மயில்.

மழைக்காலம் வந்தால் குளம் வழியும். வைத்தியசாலைக்குள் தண்ணீர் புகும். எருமை ஓடிவந்து நோயாளிகளை முதுகில் ஏற்றிப் பாறைமேல் கொண்டுபோய் விடும். தண்ணீர் வடிந்ததும் சபை கூடும். எருமைக்கு மாலை, எல்லாருக்கும் விருந்து. ஆலமரப் பொந்து காலி. படுக்கைகள் நனைந்து போயிருக்கும் அல்லவா? புதுப் படுக்கை போடக் கரையோர மரங்களை ஒடித்து வருவார்கள்.

இப்படியே மூன்று வருஷம். எருமைக்கு மூன்று மாலை. கரையில் மிஞ்சியது மூன்று மரம்.

நான்காம் வருஷக் கோடையில், நிழல் இல்லாமல் நோயாளிகள் வெந்துபோனார்கள். கீரி சபைக்கு வந்தது.

"தலைவரே, இந்த வருஷப் பொதுப் பங்கை வைத்தியசாலைக்குக் கொடுங்கள். பன்றிகளுக்குச் சாப்பாடு போட்டால் மண் தோண்டி மேடு போட்டுவிடும். வைத்தியசாலையை அதன்மேல் வைத்துவிடலாம். கரையில் நீர்மருதும் நொச்சியும் நடலாம். வேர் பிடித்தால் கரை நிற்கும். வெயிலுக்கு நிழலும் ஆச்சு."

"அப்போ விருந்து?" என்றது குரங்கு.

"விருந்து வேண்டாம். மேடு வேண்டும்."

"நல்லா இருக்கே! எருமையண்ணன் மலை மாதிரி நிற்கும்போது மேடு எதுக்கு? ஏன் எருமையண்ணே, உன் கொம்புக்கு நாலாவது மாலை வேண்டாமா?"

எல்லாம் சிரித்தன. எருமைக்கு உள்ளுக்குள் மாலை ஆசை. அசைபோட்டபடி பேசாமல் இருந்துவிட்டது.

மயில் தோகையைச் சரிசெய்துகொண்டது. "கீரியம்மா, நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் மேடு போட்டால் வெறும் மண்தான் தெரியும். விருந்து வைத்தால் காடே பேசும். அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் மழை காத்திருக்குமா, தலைவரே?" என்றது கீரி. அதற்குள் சபை கலைந்துவிட்டது.

ஐப்பசி பிறக்குமுன் எருமைக்குக் குளம்பில் புண் வந்தது. நொண்டி நொண்டி வந்து வைத்தியசாலையில் படுத்தது. பக்கத்துப் படுக்கையில் கால் ஒடிந்த மான்குட்டி. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது கீரி. தாய்மான் குட்டியைவிட்டு அகலவே இல்லை.

மழை பிடித்தது. மூன்றாம் நாள் நடுப்பகலில் குளம் உடைத்துக்கொண்டது. மிஞ்சியிருந்த மூன்று மரமும் மண்ணோடு சரிந்தன.

"எருமையைக் கூப்பிடுங்கள்! எருமையைக் கூப்பிடுங்கள்!" என்று பாறைமேலிருந்து எல்லாம் கத்தின.

"அவர் இங்கேதான் படுத்திருக்கிறார்" என்றது கீரி.

எருமையைத் தூக்க அந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்?

நடக்க முடிந்த நோயாளிகள் தட்டுத்தடுமாறிப் பாறை ஏறின. மான்குட்டியால் முடியவில்லை. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது.

"அண்ணே," என்றது தாய்மான். "உங்களுக்கே முடியவில்லை. எந்த வாயால் கேட்பேன்?"

எருமை முக்கி முனகி எழுந்தது. "கேட்காதே தாயி. குட்டியை என் முதுகில் தள்ளு. நடக்கத்தான் முடியாது. நிற்க முடியும்."

தாய்மான் தள்ளிவிட்டு, நீந்திப்போய்ப் பாறை ஏறியது. கீரியும் ஏறிக் குட்டியைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் எருமையின் கழுத்துவரை வந்தது. எருமைக்குத் தண்ணீர் புதிதல்ல. ஆனால் புண்ணான குளம்பு சேற்றுக்குள் அல்லவா இருந்தது! அதன் புண்ணுக்குப் போட வேண்டிய மருந்தெல்லாம் அதன் மூக்கை உரசிக்கொண்டு மிதந்துபோனது. பொழுது சாயும்வரை எருமை அசையவில்லை.

குட்டி பிழைத்தது. எருமைக்கோ ஆயுசுக்கும் நொண்டல்.

தண்ணீர் வடிந்து சபை கூடியது. மயில் தானே மாலையைச் சுமந்து வந்தது. "நம் காட்டின் மாவீரருக்கு..."

எருமை அந்த மாலையை நாக்கால் இழுத்துத் தின்றுவிட்டது.

"ருசியாத்தான் இருக்கு, தலைவரே. ஆனால் இது ஒரு வாய்க்குத்தான் காணும். பொந்தில் இருப்பதைப் பன்றிகளுக்குப் போடுங்கள். அன்றைக்குக் கீரியம்மா கேட்டபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாலைக்கு ஆசைப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. குரங்குதான் முதலில் எழுந்துபோய் மண் சுமக்க ஒரு கூடை எடுத்துவந்தது.

மேடு எழும்பியது. வைத்தியசாலை அதன்மேல் ஏறியது. கரையில் கன்றுகள் நட்டார்கள். படுக்கைக்கு இனி உதிர்ந்த சருகு மட்டும் என்று சபையில் முடிவானது. இரண்டு வருஷம் சின்ன மழையோடு போயிற்று. மூன்றாம் வருஷம் வந்தது பழைய பேய்மழை. குளம் வழிந்தது. வளர்ந்திருந்த மரங்களுக்குள் தண்ணீர் புகுந்து வேகம் குறைந்து, மேட்டின் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நோயாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மயில் மேட்டுக்கு வந்து பார்த்தது. "கீரியம்மா, இந்த வருஷம் பேசுவதற்கு ஒன்றுமே நடக்கவில்லையே?"

"அதற்குத்தானே கேட்டேன், தலைவரே" என்றது கீரி.

வெள்ளத்தில் சுமந்தவருக்குப் போடும் மாலையைவிட, வெள்ளத்துக்கு முன்னே நோயாளியின் படுக்கைக்கு அடியில் போடும் ஒரு கூடை மண் பெரிது.

சிஸ்டர் இப்போது இல்லை. அந்தப் பொன்னாடை என் பீரோவில் இருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றும்போது என் பிள்ளைகள் பெயரோடு அவர் பெயரையும் சொல்லிக் கும்பிடுவேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஊர்க் கூட்டத்துக்குப் போனால், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் தரையை உயர்த்தவும், சுற்றி நாலு மரம் வைக்கவும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.