பாதிச் சம்பளத்துக்குப் பாதிப் பேச்சு

முன்னொரு காலத்தில் மலையடிவார நாடு ஒன்றை ஆண்ட விசயகீர்த்தி ராஜாவுக்கு, ஒருநாள் காலையில் திடீரென்று சிக்கன ஆசை பிடித்துக்கொண்டது. அதற்குத் தூபம் போட்டவர் பொக்கிஷ அதிகாரி சடகோபர்.

"மகாராஜா! சேனாதிபதி போர் செய்கிறார், வைத்தியர் மருந்து கொடுக்கிறார். விகடகவி நல்லபெருமாள் வாயைத் திறந்து மூடுவதைத் தவிர என்ன செய்கிறார்? அதற்குப் பாதிச் சம்பளம் போதாதா?"

ராஜாவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

நல்லபெருமாளின் முகம் சுண்டிப்போயிற்று. எத்தனை சண்டைகளைச் சிரிக்கவைத்தே தீர்த்திருக்கிறோம், ஒன்றுகூட ராஜாவின் கண்ணில் படவில்லையே என்று மனம் நொந்தார். ஆனாலும் கைகூப்பி, "பாதிச் சம்பளத்துக்குப் பாதிப் பேச்சுதான் வரும், மகாராஜா. சம்மதமா?" என்றார்.

"பரம சம்மதம்!" என்றார் ராஜா.

வீட்டில் மனைவி முத்தழகு பொரிந்து தள்ளினாள். "சம்பளம் பாதியாப் போச்சுன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறீங்களே!"

"பொறு. இத்தனை நாள் பேசிப் புரியவெச்சேன். இனிமே பேசாம புரியவைக்கப்போறேன்."

சில நாளில் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். எல்லைத் தகராறில் இரு நாடுகளும் முறைத்துக்கொண்டிருந்த நேரம்.

"எங்கள் மன்னர் சமாதானம் பேச இங்கே வர நினைக்கிறார். அவருக்கு என்ன மரியாதை செய்வீர்கள்?" என்று விறைப்பாகக் கேட்டார்.

வழக்கம்போல ராஜா நல்லபெருமாளுக்குக் கண்ஜாடை காட்டினார். அவர் எழுந்து, "உங்கள் மன்னர் கழுதை..." என்று கணீரென்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தூதரின் கை வாளுக்குப் போனது. ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐயோ, மீதியைச் சொல்லும்!"

"மீதி இந்தச் சம்பளத்தில் அடங்காதே, மகாராஜா." என்றார் நல்லபெருமாள்.

"சடகோபரே, நீராவது பேசும்!"

"அது... கழுதை என்றால்... நல்ல கழுதைதான்..." என்று சடகோபர் உளறினார். தூதர் வாளைப் பாதி உருவிவிட்டார்.

"முழுச் சம்பளமும் தந்தேன்! சொல்லித் தொலையும்!" என்று ராஜா அலறினார்.

நல்லபெருமாள் நிதானமாக எழுந்தார். "...மேல் ஏறி வந்தாலும், எங்கள் மகாராஜா பட்டத்து யானையோடு எல்லைக்கே வந்து எதிர்கொண்டு அழைப்பார்!"

தூதர் திகைத்தார். பிறகு வாளை உறையில் தள்ளிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இதைக் கேட்டால் எங்கள் மன்னர் நாளைக்கே புறப்பட்டுவிடுவார்!"

தூதர் விடைபெற்றதும் ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நல்லபெருமாளுக்குப் போட்டார்.

"நீர் பேசுவதால் என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பேசாவிட்டால் ஒரு யுத்தமே நஷ்டம் என்று இன்றைக்குத் தெரிந்தது. இனி உமக்கு இரட்டைச் சம்பளம்! சடகோபரே, உத்தரவைச் சபைக்கு உரக்கச் சொல்லும்!"

சடகோபர் சொன்னார். சபை ஆரவாரித்த ஆரவாரத்தில் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை.