சம்பந்தத்தின் பிரேக் கட்டைகள்

"இதுல எதுங்க மேடம்?"

மலர்க்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

கொட்டகைத் தரை முழுக்கச் சைக்கிள் பிரேக் கட்டைகள். மஞ்சள், நீலம், கறுப்பு, கார்க் நிறத்தில் ஒன்று, இரத்தச் சிவப்பில் ஒன்று. ஜோடி ஜோடியாக, ஒன்றன் ஓரம் ஒன்றின் மேல் படிந்து, பார்க்கிறவர் கண்ணில் படும்படி விரித்து வைத்திருந்தது.

சம்பந்தம் புடவைக்கடைக்காரர். கைப்பழக்கம் போகவில்லை.

"எது என்ன?"

"கார்பன் ரிம்முக்கு எந்தக் கட்டை போடறது?"

"போன தடவையே சொன்னேன்."

"சொன்னீங்க. வீலோட வந்ததைப் போடுங்கன்னீங்க."

"அப்புறம்?"

"அது கத்துதுங்க."

மலர்க்கொடி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள். எறிய வேண்டும் போலத்தான் இருந்தது.

ஒரு காலத்தில் மாநிலத்துக்காக ரோடு ரேஸ் ஓட்டியவள். இப்போது ஏற்காடு அடிவாரத்தில் கொட்டகை போட்டு, சைக்கிளில் மலை ஏறவும் இறங்கவும் பழக்குகிறாள். சொல்லித் தருவதைவிட எரிந்து விழுவது அதிகம். அதற்கும் ஆள் வருகிறார்கள்.

சம்பந்தம் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஏறுவதில் குறை சொல்ல முடியாது. இறங்குவதுதான் தகராறு.

"முன்னாடி எனக்குப் பழக்கின கோயம்புத்தூர் வேலாயுதம் சார் மஞ்சள்தான் நல்லதுங்கறாரு," என்றார் சம்பந்தம். "பெங்களூர்ல திம்மையா சார்கிட்டப் பழகினப்ப, மஞ்சளைக் கையாலயும் தொடாதேன்னாரு. நீலம்தானாம்."

"சிவப்பு யாரு?"

"அது ஒரு இத்தாலிக்காரர். வீடியோவுல."

மூலையில் ஒரு சிரிப்புச் சத்தம். சாகுல். ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். ஒரு கையால்தான் உரித்தான். இன்னொரு கை இப்போதுதான் கட்டு அவிழ்த்த கை.

அந்தக் கையைப் பார்க்காமல் இருக்கத்தான் சம்பந்தம் இவ்வளவு கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் சம்பந்தம் விழுந்தார். பின்னால் வந்த சாகுல் அவர் மேலேயே வந்து விழுந்தான். சம்பந்தத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு. சாகுலுக்குக் காறை எலும்பு முறிந்தது.

மலர்க்கொடியிடம் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டவர் திரும்பி வரும் நாளுக்கு, இறங்கும் வரிசையில் தன் இடத்தை அவரேதான் சொல்ல வேண்டும். வேறு யாரும் அதில் வாயைத் திறக்கக் கூடாது. அவளும்கூட.

நாளைக்கு சாகுல் திரும்பி வருகிறான். எங்கே வருகிறாய் என்று போன மாதமே கேட்டிருந்தாள். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சம்பந்தம் அண்ணனுக்கு நேர் பின்னால."

அன்றிலிருந்து சம்பந்தத்துக்குத் தூக்கமில்லை. தூக்கம் வராத மனுஷர் கட்டை வாங்கினார்.

"தம்பி," என்றார் சம்பந்தம் இப்போது, கட்டைகளைப் பார்த்தபடியே. "இடத்தை மாத்திக்கப்பா. எனக்கு முன்னாடி போயிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"முன்னாடி போனா உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கணும்ணே. கழுத்து சுளுக்கிக்கும். பின்னாடி வந்தா நேராப் பார்க்கலாம்."

"மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"இந்தத் தடவை இந்தப் பக்கம் விழறேன். அந்தப் பக்கம் இப்பத்தான் ஒட்டியிருக்கு."

சம்பந்தம் சிரிக்கவில்லை. மலர்க்கொடி பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"சொல்லுங்க மேடம். எதைப் போட்டா இவனுக்கு ஒண்ணும் ஆகாது?"

அந்தக் கேள்வியில் பொய் இல்லை. அதனால்தான் மலர்க்கொடிக்குக் கோபம் இன்னும் ஏறியது. பொய் சொல்கிறவனைத் துரத்திவிடலாம்.

"சைக்கிளைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். கறுப்புக் கார்பன் சக்கரங்கள், துடைத்துப் பளபளவென்று. அவள் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். பிரேக்கை அழுத்தினாள்.

கிறீச்.

வெளியே படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று.

"இப்ப இதுல இருக்கிறது எந்தக் கட்டை?"

"வீலோட வந்ததுதாங்க. எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டு, நீங்க திட்டுவீங்கன்னு மறுபடி இதையே மாட்டிட்டு வந்தேன்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததும் கத்துதுங்க. புதுசாப் போட்ட அன்னைக்கு நல்லா இருக்கும். அடுத்த ஞாயிறு கத்தும். அடுத்த ஞாயிறு இன்னும் கத்தும்."

மலர்க்கொடி ரிம்மின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தாள். நகம் தட்டித் தட்டிப் போயிற்று. மெல்லிய கோடுகள், சுற்றிலும்.

"வாரநாள்ல எதை ஓட்டறீங்க?"

"இதே சைக்கிள்தாங்க. வீலை மட்டும் மாத்திடுவேன். கார்பனைத் தினமும் ஓட்டித் தேய்க்கலாங்களா? வாரநாளுக்கு அலுமினியம், ஞாயித்துக்கெழமைக்கு இது."

"கட்டை?"

"கட்டைக்கு என்னங்க?"

"வீலை மாத்தும்போது கட்டையை மாத்துவீங்களா?"

"அதை எதுக்கு மாத்தணும்? கார்பன் கட்டை அலுமினியத்துலயும் நல்லாப் பிடிக்குமே. வேலாயுதம் சாரே சொல்லியிருக்காரு."

மலர்க்கொடி கண்ணை மூடினாள். திறந்தாள். மனுஷர் இன்னும் அங்கேயே நின்றார்.

ஆலன் சாவியை எடுத்துக் கட்டையைக் கழற்றினாள். அவர் கையில் கொடுத்தாள்.

"பெருவிரலை வச்சு அழுத்தித் தேய்ங்க."

தேய்த்தார்.

"ஸ்ஸ்!"

விரலில் ஒரு பொட்டு இரத்தம். கட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பில் ஏதோ மின்னியது. திருப்பினார். இன்னொன்று மின்னியது. நட்சத்திரம் போலப் பொடிப்பொடியாக.

"என்னங்க இது, வெள்ளி மாதிரி?"

"உங்க அலுமினிய வீலு."

சம்பந்தம் விழித்தார்.

"கடையில பட்டு விரிக்கிற மெத்தையில, அதுக்கு முன்னாடி ஆணிப் பொட்டியைக் கவுத்துக் கொட்டுவீங்களா?"

"ஐயையோ! இழை இழுத்துடுமே!"

"இழுத்திருக்கு. ரிம்மைத் தடவிப் பாருங்க."

தடவினார். முகம் சுண்டிப் போயிற்று.

"அப்ப... வேலாயுதம் சார் தப்பாச் சொல்லிட்டாரா?"

"அவரு சொன்னது சரி. கார்பன் கட்டை அலுமினியத்துல பிடிக்கும். பிடிச்சிட்டு எதை வாங்கிக்கிட்டு வரும்னு நீங்க கேக்கல. அவரும் சொல்லல. ஊக்கு இருக்கா?"

புடவைக்கடைக்காரர் சட்டையில் ஊக்கு இல்லாமல் இருக்குமா? விலைச்சீட்டு குத்துகிற ஊக்கு, பையின் உள்பக்கம் மாட்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தார்.

மலர்க்கொடி தரையில் உட்கார்ந்தாள். கட்டையை மடியில் வைத்து, ஊக்கின் முனையால் ஒவ்வொரு பொடியாகக் கிளறி எடுத்தாள். எடுத்ததைப் பழைய செய்தித்தாளில் தட்டினாள். பிறகு உப்புத்தாளால் கட்டையின் முகத்தை லேசாகத் தேய்த்தாள். அடுத்த கட்டை. அதற்கடுத்தது. சாகுல்கூடக் கடலையை நிறுத்திவிட்டான்.

மாட்டினாள். சக்கரத்தைச் சுற்றினாள். அழுத்தினாள்.

சத்தமில்லை. சக்கரம் நின்றது.

"இது கார்பனுக்கு. இதுக்கு மட்டும். அலுமினியத்துக்குத் தரையில கிடக்கிறதுல ஒண்ணைப் போட்டுக்குங்க. வீலை மாத்தினா கட்டையையும் மாத்துங்க. சோம்பேறித்தனமா இருந்தா வீலை மாத்தாதீங்க."

சம்பந்தத்தின் முகம் மலர்ந்தது. திருவிழாவில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி.

"பார்த்தியா தம்பி! அன்னைக்கு நான் விழலப்பா. கட்டைதான் தள்ளிவிட்டுடுச்சு!"

மலர்க்கொடி ஊக்கை மூடப் போனவள் நிறுத்தினாள்.

"சாகுலு. நீ பின்னாடிதானே வந்தே. என்ன பார்த்தே?"

சாகுல் தயங்கினான். "விடுங்கக்கா."

"சொல்லு."

"அண்ணன் கையைப் பார்த்தேன். பின் பிரேக்கைப் பிடிச்சாரு. விட்டாரு. முன் பிரேக்கைப் பிடிச்சாரு. அதையும் விட்டாரு. அப்புறம் ரெண்டையும் மாத்தி மாத்தி. வளைவுல ஆர்மோனியம் வாசிச்ச மாதிரி இருந்துச்சு."

சம்பந்தத்துக்குக் காது சிவந்தது.

"அப்படி இல்லப்பா. வளைவு வந்துச்சு. பின் பிரேக்கை முதல்ல பிடிக்கணும்னு வேலாயுதம் சார் சொன்னது ஞாபகம் வந்துச்சு. பிடிச்சேன். உடனே திம்மையா சார் ஞாபகம். பின் பிரேக் கோழைக்குன்னு சொல்லுவாரு. விட்டுட்டு முன்னாடி பிடிச்சேன். அப்ப அந்த இத்தாலிக்காரர், விட்டு விட்டுப் பிடின்னு..."

"சைக்கிள்ல எத்தனை பேரு?" என்றாள் மலர்க்கொடி.

"நான் ஒருத்தன்தாங்க."

"கூட்டமா இருந்த மாதிரி தெரியுது."

"இல்லங்க மேடம், திம்மையா சார் என்ன சொல்லுவாருன்னா..."

மலர்க்கொடி எழுந்தாள். ஊக்கின் முனை இன்னும் திறந்துதான் இருந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தலையைச் சாய்ங்க."

"எதுக்குங்க?"

"காதைக் காட்டுங்க."

சம்பந்தம் வாயைத் திறந்தார். ஊக்கைப் பார்த்தார். செய்தித்தாளில் மின்னிக் கிடந்த பொடியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

சாகுல் மறுபடி கடலை உரிக்க ஆரம்பித்தான்.

சம்பந்தம் குனிந்து, தரையில் விரித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். எந்த நிறம் எதோடு சேர்கிறது என்று பார்க்கவில்லை. வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நாளைக்கு நான் வரலாங்களா?"

"அடிபட்டவன் இடம் சொல்லியாச்சு. என்னை ஏன் கேக்கறீங்க?"

ஊக்கை அவள் திருப்பித் தரவில்லை. தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள்.

ஞாயிறு காலை. மலை மேல் பனி முழுசாக விலகவில்லை. ரோடு மட்டும் காய்ந்திருந்தது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். சம்பந்தமும் சாகுலும் மலர்க்கொடியும்தான் பாக்கி.

சம்பந்தம் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"மேடம். ராத்திரி யோசிச்சேன்."

"ஐயோ."

"நீங்க செஞ்சது புரிஞ்சுதுங்க. வேலாயுதம் சாரை விட்டுட்டேன். திம்மையா சாரை விட்டுட்டேன். அந்த வீடியோவையும் அழிச்சிட்டேன். இனிமே யாரும் கிடையாது. நீங்க ஒருத்தர்தான். வளைவுல எதை முதல்ல பிடிக்கணும், நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதையே மனசுல சொல்லிக்கிட்டு இறங்கிடறேன்."

மலர்க்கொடி அவரைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். காலரிலிருந்து ஊக்கை எடுத்தாள். திறந்தாள்.

"அந்தக் காதையும் காட்டுங்க."

சம்பந்தம் ஊக்கைப் பார்த்தார்.

பின்னால் சாகுல் இருமினான்.

பிறகு சம்பந்தம் திரும்பி, கீழே போகிற ரோட்டைப் பார்த்தார். ரோட்டை மட்டும். காலை எடுத்துப் பெடலில் வைத்தார். இறங்கினார். சாகுல் அவர் பின்னாலேயே போனான்.

மலர்க்கொடி ஊக்கைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வளைவு. டயர் ரோட்டில் ஓடுகிற ஓசை. கிறீச்சென்று ஏதும் இல்லை. இரண்டாவது வளைவு. ஒன்றும் கேட்கவில்லை.

ரோட்டின் ஓரத்துக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

மூன்றாவது வளைவுக்கும் கீழேயிருந்து, மூச்சிரைக்க, சாகுலின் குரல் வந்தது.

"அண்ணே! மெதுவாப் போங்கண்ணே! என்னை விட்டுட்டுப் போறீங்களே!"