சென்னியப்பனின் மூன்றாவது எஞ்சின்

காலை ஆறரை மணி. இரண்டு எஞ்சின்களை உருக்கிவிட்டு, மூன்றாவதைக் காரில் வைத்துக்கொண்டு, சென்னியப்பன் ரோஸ்லினின் ஷெட் வாசலில் நின்றார்.

"கம்ப்யூட்டர் சரியில்லைங்க டீச்சர்," என்றார்.

ரோஸ்லின் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எந்தக் கம்ப்யூட்டர்?"

"ரெண்டும்."

ரோஸ்லினுக்கு முப்பத்தெட்டு வயது. கோவையில் டர்போ கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினைச் சீர்படுத்த அவரிடம்தான் வருவார்கள். டீச்சர் என்பது பட்டப்பெயர். எதையும் சொல்லித் தரமாட்டார் என்பதால் வந்தது.

சென்னியப்பன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தண்ணீர் பம்பு செய்யும் தொழில். ஓடுகிற பம்பைத் தொடாமல், சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவருடைய மகள் தர்ஷிணி ரேஸ் ஓட்டுகிறாள். இரண்டு எஞ்சின்களும் போனது அவள் ஓட்டும்போதுதான்.

மூன்றாவதற்கு மாற்று கிடையாது. கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருடமாகிறது. பழைய வண்டிகளை உடைத்து விற்பவர்களிடமும் இனி இல்லை. இதுவும் உருகினால் கார் நின்றுவிடும். தர்ஷிணியும்.

"புதுசா ஒரு கம்ப்யூட்டர் சொல்லுங்க," என்றார் சென்னியப்பன். "உள்ளதுலயே நல்லதா."

"முதல்ல எது போட்டீங்க?"

"விலை ஜாஸ்தியானது."

"அப்புறம்?"

"அதைவிட ஜாஸ்தியானது."

"இப்ப?"

சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் மேல ஒண்ணு வந்திருக்குதாமுங்க."

ரோஸ்லின் டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர்கள் பேசியது காரோடு வரும் கம்ப்யூட்டரைப் பற்றியல்ல. அதைக் கழற்றிவிட்டுத் தனியாக வாங்கிப் பொருத்துவதைப் பற்றி. டர்போ, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அந்தக் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, எந்த நொடியில் பற்றவைப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை சென்சார்கள் அதற்குச் சொல்லும்.

"சென்சார் என்னென்ன வேணும்?" என்று கேட்டார் ரோஸ்லின்.

"ஒண்ணு விடாம எல்லாம்."

"ஆயில் பிரஷருக்கு?"

"கட்டாயமா."

"பிரஷர் இறங்குனா என்ன ஆகும்?"

"டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரியும்."

"எரிஞ்சா?"

"தர்ஷிணி பார்ப்பா."

"பார்த்துட்டு?"

சென்னியப்பன் தாடையைத் தடவினார். "அது முன்னாடி எத்தனை வண்டி போகுதுங்கறதைப் பொறுத்துங்க."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். சென்னியப்பன் பின்னால் போனார்.

உள்ளே டைனோ மேல் ஒரு கார் நின்றது. டைனோ என்பது தரையில் பதித்த உருளைகள். சக்கரங்கள் அவற்றின் மேல் சுழலும், கார் நகராது. எஞ்சின் எத்தனை குதிரைசக்தி தருகிறது என்று திரையில் தெரியும்.

"இது யாரோடதுங்க?"

"என்னோடது. உங்களுது மாதிரிதான் எஞ்சின்."

ரோஸ்லின் ஒரு ஹெட்போனை எடுத்து நீட்டினார். அதன் ஒயர் எஞ்சினில் முறுக்கிவைத்த ஒரு சின்ன சென்சாருக்குப் போயிற்று.

"பாட்டா?" என்றார் சென்னியப்பன்.

"நாக்கிங்."

பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னால் வெடித்தால் பிஸ்டன் மேல் அடி விழும். அதைத்தான் நாக்கிங் என்பார்கள். வெளியே நின்றால் கேட்காது. ஹெட்போனில் கேட்கும். பத்து அடி விழலாம், இருபது விழலாம். பிறகு பிஸ்டன் இருக்காது. சென்னியப்பனின் இரண்டு எஞ்சின்களும் அப்படித்தான் போயின.

"நான் உள்ள உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பேன்," என்றார் ரோஸ்லின். "நீங்க இங்கயே திரைகிட்ட நில்லுங்க. அடி கேட்ட உடனே கையைத் தூக்குங்க. நான் காலை எடுத்துருவேன்."

"நான் தூக்கலைன்னா?"

"என் எஞ்சின் போயிரும்."

"அய்யோ, அப்படியெல்லாம் விடுவனுங்களா அம்மிணி? பம்புச் சத்தத்துலயே முப்பது வருசம் நின்னவன் நானு."

"அதனாலதான் உங்ககிட்ட குடுத்தேன்."

ரோஸ்லின் காரில் ஏறினார். சென்னியப்பன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

எஞ்சின் உறுமியது. டர்போ கூவியது. திரையில் எண் ஏறியது. நூற்று எண்பது. இருநூறு.

இருநூற்றுப் பத்தில் கேட்டது. வாணலியில் முதல் சோளம் பொரிவதுபோல் ஒன்று.

இருநூற்று இருபதில் இரண்டு.

சென்னியப்பன் திரையைப் பார்த்தார். இருநூற்று நாற்பது. அவருடைய காரில் இந்த எண்ணை அவர் பார்த்ததே இல்லை. இருநூற்று ஐம்பது. இப்போது சோளம் நன்றாகவே பொரிந்தது.

இருநூற்று அறுபது.

சத்தம் அடங்கியது. ரோஸ்லின் தானாகவே காலை எடுத்திருந்தார். உருளைகள் மெல்ல நின்றன. அவர் இறங்கி வந்தார்.

"கேட்டுதா?"

"கேட்டுதுங்க."

"எப்ப?"

பொய் சொல்லச் சென்னியப்பனுக்கு ஒரு கணம் இருந்தது. சொல்லவில்லை. "இருநூத்திப் பத்துல."

"கை?"

அவர் தன் கையைப் பார்த்தார். அது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நம்பர் ஏறிட்டே இருந்துச்சுங்க," என்றார்.

ரோஸ்லின் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"உங்க எஞ்சின்... ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?"

"ஆகலை. அடி லேசா விழற மாதிரிதான் செட் பண்ணியிருந்தேன். தாங்கும்." பிறகு சொன்னார்: "ஆனா அது உங்களுக்குத் தெரியாது."

சென்னியப்பன் ஹெட்போனைக் கழற்றினார். காது சிவந்திருந்தது.

அப்பாவோடு வந்து, வாசலில் நின்று பன் தின்றுகொண்டிருந்த தர்ஷிணி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ரெண்டாவது எஞ்சின்லயும் இதே கதைதான் டீச்சர். நாக்கிங் லைட் எரியுதுப்பான்னு ரேடியோவுல கத்துறேன். 'ஓட்டு கண்ணு, முன்னாடி ஒரே வண்டிதான்'ங்கறாரு."

"நீ என்ன பண்ணுனே?" என்றார் ரோஸ்லின்.

தர்ஷிணி மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஓட்டுனேன்."

"ஏன்?"

"முன்னாடி ஒரே வண்டிதானே டீச்சர் இருந்துச்சு."

இப்போது சென்னியப்பன் மகளைப் பார்த்தார். மகள் பன்னைப் பார்த்தாள்.

ரோஸ்லின் கேட்டார்: "போன தடவை போட்டது நல்ல கம்ப்யூட்டர்தானேங்ணா. அடி விழுந்தா அதுவே டர்போவைக் குறைச்சிருக்கணுமே."

"குறைக்குமுங்க. அந்த வசதி இருந்துச்சு."

"என்ன ஆச்சு?"

"பிராக்டிஸ்ல நல்லாப் போயிட்டு இருக்கறப்ப திடீர்னு பவரைக் குறைச்சுதுங்க. ரெண்டு வண்டி எங்களைத் தாண்டிப் போயிருச்சு." குரல் இறங்கியது. "ரேஸ் அன்னைக்குக் காலைல லேப்டாப்பை மாட்டி நான்தான் ஆஃப் பண்ணுனேன்."

"முதல் கம்ப்யூட்டர்ல?"

"அதுலயும்."

டைனோவின் உருளை ஒன்று சூடு ஆறி டிக்கென்றது.

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் காரைப் பார்த்தார். அதன் பானெட்டுக்குள் இருப்பதைத் தவிர இனி இன்னொன்று இல்லை.

"டீச்சர், உங்களுக்கு நல்லாப் பழகுன கம்ப்யூட்டர் பெட்டி எது?"

ரோஸ்லின் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். டிபன் பாக்ஸ் அளவு இருந்தது. பளபளப்பு இல்லை.

"இதுவா?" என்றாள் தர்ஷிணி. "இதைப் போட்டுட்டுப் போனா சிரிப்பாங்க டீச்சர்."

"சிரிக்கட்டும்," என்றார் சென்னியப்பன்.

"சென்சார்?" என்றார் ரோஸ்லின்.

"நாக்கிங்குக்கு ஒண்ணு. ஆயில் பிரஷருக்கு ஒண்ணு. காத்துக்கும் பெட்ரோலுக்கும் உங்களுக்கு எது வேணுமோ அது."

"லைட்?"

"வேண்டாமுங்க. அடி விழுந்தா டர்போவைக் குறைக்கட்டும். ஆயில் இறங்குனா எஞ்சினையே நிறுத்தட்டும். எங்களைக் கேக்க வேண்டாம்."

ரோஸ்லின் முதல்முறையாகத் தலையாட்டினார். லேப்டாப்பைத் திறந்தார்.

"பூட்டிரட்டுமா?"

இந்தக் கம்ப்யூட்டர்களுக்குப் பாஸ்வேர்டு போடலாம். போட்டால், அது தெரியாத யாரும் உள்ளே இருக்கும் எதையும் மாற்றமுடியாது. ரோஸ்லினிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சண்டை போடுவார்கள். காசு என்னுது, பெட்டி என்னுது, பாஸ்வேர்டை மட்டும் நீ வெச்சுக்குவியா என்பார்கள்.

"பூட்டிருங்க," என்றார் சென்னியப்பன்.

"பாஸ்வேர்டு உங்களுக்கு?"

"எனக்கு வேண்டாமுங்க."

தர்ஷிணியின் பக்கம் திரும்பி ரோஸ்லின் கேட்டார்: "இவளுக்கு?"

"இவளுக்குமா? வேண்டவே வேண்டாமுங்க. இவ என் பொண்ணு."

நவம்பர் 9, ஞாயிறு. அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்தில், ஏழாவது சுற்றில் கம்ப்யூட்டர் டர்போவைக் குறைத்தது. தர்ஷிணி ஐந்தாவதாக வந்தாள். மறுவாரம் அதே எஞ்சினில் பிராக்டிஸுக்குப் போனாள்.